பூட்ஸைக் கழற்றுகிறவர்

விழுந்தவன் எழுவதற்குள் மாணிக்கவாசகத்தின் விரல்கள் அவனது பூட்ஸ் கயிற்றில் இருக்கும். தலையில் அடி என்றால் முதலில் பூட்ஸ் கழலும், விசாரணை அப்புறம். வெறுங்காலோடு எவனும் திடலுக்குள் நழுவ முடியாது. இரண்டையும் சேர்த்து முடிந்து தம் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெசர். வயது முப்பத்தாறு. சனிக்கிழமை மாலைகளில் காஜா பெராங் ஊர் வாலிபர் சங்கப் பந்தாட்டக் குழுவுக்கு மருந்துப் பை தூக்குகிறார். உட்காரவே மாட்டார். சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடப்பார். தீக்குச்சியைக் கடித்துத் துப்புவார். ஓடுகிற கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்ப்பார்.

"ஒக்காருங்கண்ணே, ஒங்களப் பாத்து எங்களுக்குத் தலை சுத்துது."

"சுத்துதா? பூட்ஸக் கழட்டு."

அவரிடம் மூன்று கேள்விகள் உண்டு. இது எந்தத் திடல், எத்தனை கோல், முதல் கோல் யாருடையது? பிறகு கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை. மறுநாளிலிருந்து சைக்கிளில் அவன் வீட்டுக்கே வந்துவிடுவார். தலை வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்பார். ஒரு வாரம் பாடப் புத்தகத்தைத் திணிக்க வேண்டாம் என்று தாயிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார். "வலி போச்சுன்னு அன்னிக்கே ஓடாத. மொதல்ல நட, அப்புறம் ஓடு. பந்தத் தலையில வாங்குறது கடைசியில."

முன்பு அந்தக் கோட்டருகே இருபது வருடம் நின்றவர் அவர் அப்பா, பயிற்சியாளர் நல்லையா. அவருடைய வைத்தியம் ஒரு வாளி ஐஸ் தண்ணீர், கன்னத்தில் ஒரு தட்டு, "ஒண்ணுமில்ல, போடா." அப்படிப் போன தம்பிராஜா என்ற பையன் கால் மணி நேரத்தில் இரண்டாவது அடி வாங்கினான். மூன்று நாள் வார்டில் வாந்தி எடுத்தான். பிழைத்தான்; ஆனால் இரண்டு வரி படித்தால் புத்தகத்தை மூடிவிடுகிறான். அன்று அப்பாவும் மகனும் எல்லோர் முன்னும் சண்டை போட்டார்கள். பிறகு ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். இந்த மே மாதம் அப்பாவின் இதயம் நின்றது. அவருடைய கட்டம் போட்ட துண்டு இப்போது மகனின் தோளில் கிடக்கிறது.

1957 ஆகஸ்டு கடைசியில் நாடு சுதந்திரம் பெற்றது. செப்டம்பரில் அதைக் கொண்டாடும் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம், புக்கிட் ரம்பாய் குழுவோடு. ஒன்றுக்கு ஒன்று. பத்து நிமிடம் பாக்கி. கோல் அடிக்கிற பொன்னுதுரை, பதினேழு வயதுப் பள்ளி மாணவன், தலையோடு தலை மோதி விழுந்தான். மாற்று ஆள் இறக்கும் வழக்கம் கிடையாது. அவன் வெளியே என்றால் பத்துப் பேர்தான்.

பூட்ஸ் கழன்றது. மூன்று கேள்விக்கும் பொன்னுதுரை பட்டுப் பட்டென்று பதில் சொன்னான். கோட்டிலும் தள்ளாடாமல் நடந்தான். அணித்தலைவன் தேவதாஸ் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தான். தூக்கி வரும்போதே பதில்களைக் காதில் ஓதிவிட்டிருந்தான்.

மாணிக்கவாசகத்துக்குச் சந்தேகம்தான். ஆனால் கேள்விகளில் தேறியவனை நிறுத்த அவரிடம் சட்டம் இல்லை. நடுவர் கையசைத்து அவசரப்படுத்தினார். பின்னாலிருந்து ஒரு குரல், "ஒங்கப்பா இருந்தா இந்நேரம் உள்ள அனுப்பியிருப்பாரு" என்றது. அவர் கை கழுத்துக்குப் போயிற்று. முடிச்சு பாதி அவிழ்ந்தது.

பொன்னுதுரை பூட்ஸுக்குக் கை நீட்டினான். கண்கள் அவரைத் தாண்டி யாரையோ தேடின.

"நல்லையா மாமா எங்கண்ணே? தண்ணி ஊத்தச் சொல்லுங்க, நான் போறேன்."

மே மாதம் அந்தப் பாடைக்குத் தோள் கொடுத்த நால்வரில் அவனும் ஒருவன்.

தேவதாஸின் சிரிப்பு நின்றது.

"வருவாரு," என்றார் மாணிக்கவாசகம். "நீ ஒக்காரு."

அவிழ்ந்த முடிச்சை இறுக்கிப் போட்டார். பத்துப் பேரோடு ஆட்டம் தொடங்கியது. அவர் திடலைப் பார்க்கவில்லை. புல்லில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை இரண்டு கைகளாலும் விரித்து, அவன் கண்ணில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டார்.