காலிஃப்ளவருக்கு மூன்று விசில்

என் கணவருக்குச் சாப்பாடு முடிவது தயிர்ச்சாதத்தில்தான். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் அவருக்கு முன்னால் வந்துபோகிற ஆட்கள். கடைசியில் தட்டில் தயிர்ச்சாதம் விழ வேண்டும், ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய் இருக்க வேண்டும். அதைச் சாப்பிட்டு, நாலு விரலாலும் தட்டை வழித்து, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் வீட்டில் தயிர் தீர்ந்துவிட்டது. மனுஷன் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கை காயுது, எந்திரிங்க" என்றேன். "இன்னும் சாப்ட்டு முடிக்கலயே" என்றார். கீழே டெய்ரிக்கு ஓடித் தயிர் வாங்கிவந்த பிறகுதான் எழுந்தார்.

இப்படிப்பட்டவர்தான் பேலியோவில் இறங்குகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றார்.

பூனா பக்கம் ஆகுர்டியில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே எடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். கணவர் வீட்டில் சர்க்கரை என்றால் சாதாரண விஷயமில்லை. என் மாமனாரின் கால்விரல்கள் அதில்தான் போயின. ஆஸ்பத்திரியில் அப்பாவின் காலைப் பார்த்தவர் என் கணவர். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். செருப்புக் கடித்த சின்னப் புண்ணைக்கூட விளக்கடியில் காலைத் தூக்கி வைத்துப் பார்ப்பதிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

கூட வேலை செய்யும் தமிழர் ஒருவர் ஃபோனில் ஒரு பேலியோ குழுவில் சேர்த்துவிட்டார். ஆதிமனிதன் சாப்பாடாம். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எதுவும் ஆகாது. கறி, முட்டை, காய், தேங்காய், நெய் எவ்வளவும் ஆகும். அசல் பேலியோவில் பாலும் தயிரும் கிடையாது என்று சொல்கிறார்கள். நம் ஆட்கள் நடத்தும் குழுவில் அதற்கெல்லாம் தாராளமாக அனுமதி உண்டு. தயிரை விலக்கியிருந்தால் ஒரு தமிழனும் உள்ளே கால் வைத்திருக்க மாட்டான், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆரம்பத்தில் நான் கடுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, ஆதிமனிதனுக்குத் தனியாக அடுப்பு மூட்ட எனக்கென்ன தலையெழுத்தா? ஆனால் இரண்டு மாதத்தில் அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, யாராவது பார்த்தால் செருப்பைச் சரி செய்வது போல் குனிகிறவர், இப்போது காய்கறிப் பையோடு ஒரே மூச்சில் ஏறிவந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த ஆள் இவ்வளவு செய்கிறார், என் சமையல் அவரைக் கைவிடக் கூடாது என்று முந்தானையைச் செருகினேன்.

சும்மா சொல்லக்கூடாது, விளாசித் தள்ளினேன். பருப்பில்லாத சாம்பாருக்குப் பரங்கிக்காயை வேகவைத்து மசித்துவிட்டேன். நிறமும் வந்தது, கெட்டியும் வந்தது. முட்டையையும் தேங்காய்ப் பாலையும் அடித்து ஆப்பச் சட்டியில் ஊற்றி, ஓரம் மொறுமொறுவென்று எடுத்தேன். வெண்பொங்கல்தான் என் பெருமை. காலிஃப்ளவரைத் துருவி, பனீரை உதிர்த்து, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் பொரித்துக் கொட்டியபோது, வாசனைக்கே அவர் பனியனோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். தெருமுனைக் காய்கறிக்காரர், நான் ஃப்ளவர் வாங்குகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, "காய் தாயி, காணாவள் காட்லி கா?" என்று கேட்டார். மெஸ் ஏதும் ஆரம்பித்துவிட்டாயா என்கிறார். ஆமாம், ஒரே ஒரு ஆளுக்கு என்றேன்.

தோற்றது தயிர்ச்சாதத்தில் மட்டும்தான்.

முதல் தடவை நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். குழுவில் அதற்குக் காலிஃப்ளவர் சாதம் என்று பெயர். சாதம் என்று சொல்லிவிட்டால் என் கைக்கு ஒரே வழிதான் தெரியும். துருவியதை இரண்டு தண்ணீரில் களைந்தேன், தண்ணீர் அளந்து ஊற்றினேன், குக்கரில் ஏற்றி மூன்று விசில் விட்டேன். இரண்டாவது விசிலுக்கே வாசனை மாடிப்படி இறங்கிவிட்டது. மூன்றாவதுக்குக் கீழ்வீட்டு மராட்டிக்காரம்மா மேலே வந்து, சாக்கடை அடைத்துக்கொண்டதா என்று கவலையாக விசாரித்தார். குக்கரைத் திறந்தால் கஞ்சி. அப்புறம் பல நாள் அந்த குக்கரில் எதை வைத்தாலும் அந்த வாடைதான் அடித்தது.

அடுத்த தடவை ஆவியில் வைத்து, ஆறவிட்டு, தயிர் ஊற்றிப் பிசைந்து, கடுகு தாளித்தேன். பார்வைக்கு அசல் தயிர்ச்சாதம். அவர் உட்கார்ந்து சாம்பாரை முடிப்பதற்குள் அது தண்ணீர் விட்டுக்கொண்டது. தட்டில் ஒரு பக்கம் மோர், ஒரு பக்கம் பருக்கை. "தயிருக்குள்ள ஆத்துமணல அள்ளிப் போட்டாப்ல இருக்கு" என்றார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அமைதியாகச் சொன்னதுதான் எனக்கு வலித்தது.

அன்றிலிருந்து அவர் சாப்பாடு முடியாத ஆளாகிவிட்டார். வயிறு நிறைந்திருக்கும். ஆனாலும் தட்டின் முன்னால் கை காய உட்கார்ந்திருப்பார். எழுந்த பிறகும் ஃப்ரிட்ஜைத் திறப்பார், மூடுவார். கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கீழே போவார். ஒரு ஞாயிறு மத்தியானம் அப்படி நடந்துவிட்டு வந்தவரின் மீசை ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பூண்டுச் சட்னிப் பொடி. பன்னுக்குள் வடை வைத்த வடாபாவில் தூவுவார்களே, அதுதான்.

"எத்தன வடாபாவ்?" என்றேன்.

"ஒண்ணுதான்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு" என்றார்.

நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தா பாரு, என்னால முடியல. அடுத்த ஞாயித்துக்கெழம அக்கா வருது. அக்கா கையால நல்லாச் சோறு தின்னுட்டு இந்தக் கூத்த இதோட விட்டுறப் போறேன்" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாமனாரும் இப்படித்தான், ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று ஆரம்பித்தவர். என் கணவரின் கால்விரல்கள் எனக்கு வேண்டும். அதற்கு மேல் அந்த வாரம் நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

அவருடைய அக்கா, என் நாத்தனார், மதுரையில் இருக்கிறார். தம்பி சோறு தின்பதில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து ஃபோனிலேயே என்னைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "ஏம்மா, எந்தம்பிய மாட்டுக்கு வைக்கிற மாதிரி எலையும் தழையும் போட்டு வச்சிருக்கியாமே?" என்பார். தம்பி மேல் உயிர். அந்த உயிரே எனக்கு எதிரியாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் டெய்ரியில் தயிருக்கு நின்றேன். மராட்டியரின் வருஷப்பிறப்பான குடிபாட்வா நெருங்கிய சமயம். எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் சக்கா, சக்கா என்று கேட்டு வாங்கிப் போனார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் முழுக்க வடித்து எடுப்பது சக்கா. சர்க்கரையும் ஏலமும் சேர்த்தால் ஸ்ரீகண்ட். எத்தனையோ பாட்வாவுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன். இனிப்பு வகை என்பதோடு அதை மறந்துவிடுவேன். அன்றுதான் உற்றுப் பார்த்தேன். தட்டில் குவித்து வைத்த சக்கா வைத்த இடத்தில் அப்படியே நின்றது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தயிர் வேண்டாம், சக்கா கொடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து காலிஃப்ளவரையும் அதே பாடு படுத்தினேன். துருவி, ஆவியில் வைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். ஒரு கிண்ணம் தண்ணீர் வந்தது. இத்தனை நாள் என்னைத் தோற்கடித்தது அந்தத் தண்ணீர்தான். இருந்தும் முதல் நாள் சக்காவில் கலந்தபோது பருக்கை பருக்கையாகத்தான் நின்றது, குழைவு வரவில்லை. பள்ளியில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. நாம் தயிர்ச்சாதத்துக்குச் சோற்றைச் சூட்டோடு பிசைவோமே, அதில் பாதி மசிந்துவிடும், பாதிதான் பருக்கையாக நிற்கும். மறுநாள் பாதியை வெண்ணெய் போட்டுச் சூட்டோடு மத்தால் மசித்தேன். மீதிப் பாதியைப் பருக்கையாகவே விட்டேன். இரண்டையும் சேர்த்து, சக்காவைப் பாலாடை விட்டுத் தளர்த்திப் பிசைந்தபோது, என் கைக்கே சோறு என்று பட்டது.

தாளிக்கப் போனால் கை தானாக உளுத்தம்பருப்பு டப்பாவுக்குப் போயிற்று. பருப்பு கூடாது. பாதாமைச் சீவிச் சிவக்க வறுத்தேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் மாவு கலந்திருப்பதாகப் போட்டிருந்தது. எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்! மாவு கலக்காத பெருங்காயம் கேட்டு பழைய பூனாவின் ரவிவார் பேட் மசாலாக் கடைகள் வரை போய் அலைந்து வாங்கி வந்தேன். அவருக்கு இது எதையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ரயிலில் வந்து இறங்கினார், கையில் ஒரு பொன்னி அரிசிப் பையோடு. பூனாவில் அரிசி கிடைக்காது என்று யார் சொன்னார்களோ. குளித்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்து, "நீ என்னமும் செய்யி. தயிர்ச்சோறு நான் செய்றேன்" என்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். பொன்னியைக் குழைய வடித்துப் பிசைந்தார். மணம் தூக்கியது. என் சட்டி ஃப்ரிட்ஜில் மூடியிருந்தது.

என் கணவரைத் தரையில் உட்காரவைத்துப் பரிமாறினேன். பரங்கிக்காய் சாம்பார், முட்டைப் பொரியல், கோழிக் குழம்பு. நாத்தனார் கடைசி வேலையாகத் தாளிக்கும் கரண்டியை அடுப்பில் வைத்தார். கடுகு வெடிக்கிற நேரம்தான் எனக்குக் கிடைத்தது. சட்டியை எடுத்துப்போய் ஒரு பெரிய கரண்டி தட்டில் வைத்தேன், ஓரத்தில் ஊறுகாய். அக்கா கொடுத்தனுப்பியது என்று நினைத்தாரோ, என்னவோ, ஒன்றும் கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாவது வாயில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குனிந்து மறுபடியும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று தட்டைக் காட்டினார், வைத்தேன். நாலு விரலாலும் தட்டை வழித்தார். சொம்பைத் தூக்கித் தண்ணீரை மடமடவென்று குடித்தார். எழுந்து கை கழுவப் போனார்.

அப்போதுதான் நாத்தனார் பாத்திரத்தோடு வெளியே வந்தார். வெறும் தட்டைப் பார்த்தார். "டேய் தம்பி, எங்கடா எந்திரிச்சிட்ட? தயிர்ச்சோறு வைக்கலயே இன்னும்?"

குழாயடியிலிருந்து அவர் திரும்பாமலே சொன்னார்: "சாப்பாடு முடிஞ்சிருச்சுக்கா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்தேன் என்று மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று ஆகுர்டிக்கே கேட்கக் கத்தலாம் போல இருந்தது.

நாத்தனார் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "என்னத்தப் போட்ட அவனுக்கு? காட்டு" என்று உள்ளங்கையை நீட்டினார். ஒரு கரண்டி வைத்தேன். வாயில் போட்டு மெதுவாக மென்றார். "காலிப்பிளவரு. தெரியுது" என்றார். அவர் தன் பையை எடுத்தார். சாப்பாட்டுக்கு முந்திப் போடுகிற சர்க்கரை மாத்திரையை எடுத்து விழுங்கினார். அந்த வியாதி அவருக்கும் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. தம்பி விட்ட இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தான் செய்த பொன்னிச் சோற்றை ஒரு கையால் தள்ளி வைத்தார்.

"எனக்கும் வை" என்றார்.

சாம்பார் ஊற்றினேன், கோழிக் குழம்பு ஊற்றினேன், கடைசியில் சட்டியை வழித்து வைத்தேன். எப்படிச் செய்தாய் என்று கேட்டார், துணியில் கட்டிப் பிழிந்ததைச் சொன்னேன். சாப்பிட்டு முடித்து, தம்பியைப் போலவே நாலு விரலாலும் தட்டை வழித்தார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். கையை ஊன்றி எழுந்தார்.

"காலிப்பிளவரப் பிழிஞ்ச அந்தத் துணி எங்க?" என்றார். "எனக்கும் ஒண்ணு கிழிச்சுக் குடு."