பசையக்கா பிழை பார்க்கிறார்

ஒட்டி முடித்ததும் ஆறு அடி பின்னால் நடப்பார். திரும்பிப் பார்க்காமல் நடப்பதால் சைக்கிளில் வருகிறவர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். ஆறாவது அடியில் நின்று, ஈரப் பிரஷ்ஷை வாளியின் குறுக்கே வைத்துவிட்டு, தான் ஒட்டிய நோட்டீஸைத் தானே உரக்கப் படிப்பார். ஐந்து வீடு தள்ளிக் கேட்கும்.

நகரமன்றத்தில் அவருக்கு வேலையே இதுதான். யார் மாடி எழுப்பினாலும், சந்தை அடைத்தாலும், மரத்தை வெட்டினாலும், மன்றம் கூடி முடிவெடுப்பதற்கு முன் அந்த இடத்தில் நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். இருபத்தோரு நாள் அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அதற்குள் யாரும் ஆட்சேபணை எழுதித் தராவிட்டால், ஊருக்கே சம்மதம் என்று கணக்கு.

மன்றத் தலைவரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பசையக்காதான். வலது கை நகங்களில் எப்போதும் வெள்ளை ஒட்டியிருக்கும். வீட்டில் கிழிந்த பொருள் எதுவும் கிழிந்தபடி இருக்காது. ஒருமுறை மருமகனின் செருப்பையும் ஒட்டிவிட்டார், அது மறுநாள் தரையோடு ஒட்டிக்கொண்டது. காணாமல் போன பூனையின் படம் சுவரில் இருந்தால், அதன் மேல் மட்டும் மன்றத்தின் நோட்டீஸ் ஏறாது. "பாவம், அது இன்னும் வீட்டுக்குப் போகலையே" என்பார். பஸ் ஓட்டும் கணவருக்கு இதெல்லாம் தீராத வேடிக்கை. "என்கிட்ட நாலு வார்த்த பேச நேரம் இல்ல, செவுத்துக்கிட்ட மட்டும் நாள் பூரா பேசுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

உரக்கப் படிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து விளக்கிச் சொல்வார். கட்டடக்காரர் ஒருவர் போய்ப் புகார் கொடுத்தார். ஒட்டுவது மட்டும்தான் உன் வேலை, விளக்கம் சொல்வது இல்லை என்று செயலாளர் கண்டித்தார். அக்கா பணிவாகத் தலையாட்டிவிட்டு, அச்சுப் பிழை இருக்கிறதா என்று படித்தாவது பார்க்கலாமா என்று கேட்டார். செயலாளர் நிமிராமலே, தாராளமாகப் பார் என்றார். அன்று தொடங்கியது. அதிலும் ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி எழுதிய வரியில் மட்டும் பிழை பார்க்க அக்காவுக்கு மூன்று முறை தேவைப்படும்.

போன மழைக்காலத்தில் பழைய மரக்கிடங்குச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். கிடங்கை இடித்து ஐந்து மாடி எழுப்பப்போகிறார்கள். அதன் வாசல் வரப்போகும் இடத்தில், சுவரோடு சேர்ந்தாற்போல, சாவிக்காரரின் கடை. ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி, சாவி அறுக்கும் இயந்திரம், சாவிகள் தொங்கும் பலகை ஒன்று. பத்தொன்பது வருடமாக மன்றத்தின் அனுமதிச் சீட்டோடு நடக்கிற கடை. யாரும் ஆட்சேபிக்காவிட்டால் இருபத்திரண்டாம் நாள் அந்தச் சீட்டு செல்லாது. இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்க, அக்கா வழக்கத்தைவிடச் சத்தமாகவே படித்தார். சாவிக்காரர் ஒவ்வொரு வரிக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். அக்காவும் நிம்மதியாக வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒட்டிய நோட்டீஸை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். ஏழாம் நாள் போனார், இருந்தது. பதினான்காம் நாள் காய்ச்சல். போகவில்லை. எங்கே போய்விடப்போகிறது என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே 'உள்ளது' என்று டிக் போட்டுவிட்டார். மனசு உறுத்தி, பத்தொன்பதாம் நாள் நேரில் போனால், நோட்டீஸைக் காணோம். அது இருந்த இடத்தில் சாவிப் பலகை தொங்குகிறது. தூக்கிப் பார்த்தால் அடியில் நோட்டீஸ், புத்தம் புதிதாக.

"ஏண்ணே, இதுமேல போய் மாட்டியிருக்கீங்க?"

சாவிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். வலது காது எப்போதோ போய்விட்டது என்று ஜாடை காட்டி, இடது காதைத் திருப்பினார். அக்கா மறுபடி கேட்டார்.

"ஓரம் பிஞ்சு காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா. கவர்மெண்ட் காகிதம், கிழிஞ்சிட்டா உனக்குத் திட்டு விழுமேன்னு பத்து நாளா பலகைய மேல வச்சிருக்கேன்."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. தலையாட்டிய மனிதருக்கு ஒரு வரிகூடக் கேட்டிருக்கவில்லை. தன் கடையைத் தூக்கச் சொல்லும் காகிதத்தை, அக்காவுக்குத் திட்டு விழக்கூடாது என்று மழையிலும் காற்றிலும் பொத்திப் பாதுகாத்திருக்கிறார்.

இடையில் மறைந்துபோன நோட்டீஸுக்கு இருபத்தோரு நாளையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் அப்படி எழுதினால், பதினான்காம் நாள் போட்ட டிக் பொய் என்பதும் வெளியே வரும். பலகையைக் கழற்றினால் போதுமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டார் மன்றத்து இன்ஜினியர்.

"அந்தச் சாவிக்காரருக்கே தெரியாதே சார். அதான் விஷயமே."

சொல்லிவிட்டு, 'மறைக்கப்பட்டிருந்தது' என்ற கட்டத்தில் ஆழமாக ஒரு டிக் போட்டார். கீழே, பதினான்காம் நாள் நான் போகவில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாளே மெமோ வந்தது. அதை அலமாரிக் கதவின் உள்பக்கம், மூலை பிரியாமல், அதே பசையால் ஒட்டி வைத்திருக்கிறார். கணவர் அதைப் பற்றி மட்டும் கேலி செய்வதில்லை.

புது நோட்டீஸ் ஒட்டிய அன்று அக்கா ஆறு அடி பின்னால் போகவில்லை. இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாவிக்காரரின் இடது பக்கம் போய் நின்று, சுவரைப் பார்த்தபடி பிழை பார்த்தார். மூன்றாவது முறை படிக்கும்போது சாவிக்காரரின் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அந்த வாரமே அவர் தன் மகளை விட்டு ஆட்சேபணை எழுதச் செய்து, நகரமன்றத்துக்கு நடந்தே வந்து கொடுத்தார். கூட்டத்தில் அவர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. கடையை எடுக்க வேண்டாமென்று சொல்லவில்லை, வாசலைப் பத்தடி தள்ளி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். கவுன்சிலர்கள் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் நின்ற அக்கா நகத்திலிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

தீர்மானத்தையும் அக்காதான் ஒட்ட வேண்டும். போனபோது சாவிக்காரர் பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இயந்திரம் ஓடவில்லை. அக்கா ஒட்டினார், இடது பக்கம் போனார், படித்தார். நாலாவது வரியில் இருந்தது: வாசல் கிழக்கே பத்தடி தள்ளி அமைக்கப்படும், தற்போதுள்ள சாவிக் கடை அதே இடத்தில் தொடரும். மூன்று முறை படித்துவிட்டு வாளியைத் தூக்கினார்.

"நாலாவது வரியில ஏதோ பிழ இருக்குற மாதிரி தெரியுதும்மா" என்றார் சாவிக்காரர், மடியிலிருந்த பலகையை இறுக்கிப் பிடித்தபடி. "இன்னொரு தடவ பாரேன்."

பசையக்கா வாளியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இடது காதுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றார்.