புடையன் கடித்த அன்று வந்த றெஜினா

போன தை மாதம், அறுவடை முடிந்த வயலில் மாட்டுக்கு வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணியிருக்கும். ஒரு குவியலைத் தூக்கியபோது குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சீறல். விலகுவதற்குள் வலது கணுக்காலில் நெருப்பு வைத்தது மாதிரி இருந்தது. முதுகில் சங்கிலிபோல வட்டங்கள் ஓட, தடித்த புடையன் பாம்பு ஒன்று வரம்போரம் நழுவிப் போனது.

கணவர் கொழும்பில் கட்டட வேலையில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கைத்தொலைபேசி வீட்டில். கால் என் கண்முன்னாலேயே வீங்கியது. புடையன் கடித்து, சிறுநீரகம் பழுதாகிச் செத்த ஒருவரை எனக்குத் தெரியும். வரம்பில் இருந்து அழுதேன். "ஆண்டவரே, ஆரையாவது அனுப்பும்!" அவ்வளவுதான் வேண்ட முடிந்தது.

ஓடி வந்தது றெஜினா. என் கணவரின் தங்கை. பக்கத்து வயல் அவளுடையது. வீட்டு எல்லைவேலிச் சண்டையில் மூன்று வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. கோயிலிலும் வேறு வேறு வாங்கில்தான் உட்கார்ந்திருப்போம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிலையிலும் 'ஆண்டவரே, இவளையா?' என்றுதான் நினைத்தேன்.

"மச்சாள், எழும்பாதேங்கோ. காலை ஆட்டாதேங்கோ."

என் கொலுசைக் கழற்றினாள். தன் குடையைக் காலோடு சேர்த்துச் சால்வையால் சுற்றினாள். தன் கைத்தொலைபேசியில் ஓட்டோவுக்கு அழைத்தாள். என் சத்தம் கேட்டு அயல்வீட்டுத் தம்பிராசா அண்ணை கயிற்றோடு வந்தார்.

"இறுக்கிக் கட்டு பிள்ளை. விஷகடிப் பரியாரியாரிட்டைக் கொண்டுபோவம்."

"பரியாரியார் நல்ல மனிசன்தான் அண்ணை. ஆனால் உந்த விஷத்துக்கு மருந்து ஆஸ்பத்திரியிலைதான் இருக்கு. கட்டவும் கூடாது, கீறவும் கூடாது."

இதையெல்லாம் அவள் ஊர்ச் சுகாதாரக் கூட்டத்தில் படித்திருந்தாள். வேலையில்லாதவர்கள் போகிற கூட்டம் என்று நான் பரிகசித்த அதே கூட்டம்.

ஓட்டோவில் என் காலைப் பிடித்தபடி செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் குழாயில் எடுத்த என் இரத்தம் இருபது நிமிடமாகியும் உறையவில்லை. பல் ஈறு கசிந்தது. சிறுநீர் சிவந்தது. மருந்து ஏற்றியதும் அது ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்து நடுங்கியது. தாதிமார் ஓடிவந்து சமாளித்தார்கள். மறுநாள் டொக்டர் றெஜினாவைப் பார்த்து, "நேரத்தோடை கொண்டு வந்தியள். அதாலைதான் தப்பினவா" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் கஞ்சியோடு வந்தாள். நாலாம் நாள் நான், "றெஜினா, அந்த வேலி..." என்று தொடங்கினேன்.

"வேலி கிடக்கட்டும் மச்சாள். கஞ்சி ஆறுறதுக்கு முதல் குடியுங்கோ."

இன்று இரண்டு காலிலும் நடந்து வந்து, சாட்சி சொல்ல உங்கள் முன் நிற்கிறேன். சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை. எல்லைவேலியைக் கொஞ்சம் பிரித்து, ஆள் நுழைந்து போய்வர ஒரு பொட்டு வைத்துவிட்டோம். இந்த முறை அறுவடைக்கு முன் றெஜினா ஊர்ப் பெண்களைக் கூட்டி, காலுக்குச் சப்பாத்துப் போட்டு வயலுக்கு இறங்கவேண்டும், தடியால் தட்டிப் பார்த்துத்தான் வைக்கோலைத் தூக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன். 'இவள் என்ரை மச்சாள்' என்று எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓயவில்லை.

நீங்களும் ஆண்டவரை நம்பி வேண்டுங்கள். வேண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யாரை அனுப்பவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எனக்கு அவர் என் கோபத்தைப் பார்த்து ஆள் அனுப்பவில்லை. என் உயிரைப் பார்த்து அனுப்பினார்.