கொடியில காய்ஞ்ச கவர்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. அத்தை, அதான் என் மாமியார், ஃப்ரிட்ஜைத் துடைக்க உக்காந்துட்டாங்க. எங்க அடையாறு வீட்டு ஃப்ரிட்ஜ் ஒத்தக் கதவு. ஃப்ரீசர்ல ஐஸ் மலையா வளந்து கெடக்கும். பூஜைக்கு அதுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கணுமே, அழுக்கோட வைக்க அவங்களுக்கு மனசு வராது.

நான் மயிலாப்பூர்ல தைக்கக் குடுத்த பிளவுஸை வாங்கப் போயிருந்தேன். பிரசவ லீவு முடிஞ்சு மறுநாள் வேலைக்குத் திரும்பணும். தி. நகர் நகைக்கடையில கணக்குப் பிரிவு.

திரும்பி வந்தா, பால்கனிக் கொடியில சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர் வரிசையாத் தொங்குது. கழுவி, கிளிப் போட்டு. ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்துல தேதி. 

அந்தக் கவர்ல இருந்தது என் பால். புள்ள பவுடர் பாலை வாய்ல வெச்சாலே கக்கிடுவான். நான் ஆபீஸ்ல இருக்கிறப்போ அவனுக்குக் குடுக்கணும்னு, தெனமும் கொஞ்சம் கொஞ்சமாப் பிழிஞ்சு, தேதி எழுதி, ஃப்ரீசர்ல அடுக்கி வெச்சிருந்தேன். ஓடிப் போய்த் தொறந்தேன். உள்ள பளபளன்னு இருக்கு. ஒரு சொட்டு இல்ல.

"அத்தை! பால் எங்க?"

"ஐஸ் உருகுறப்போ அதுவும் உருகிடுச்சும்மா. தேதி பாத்தேன், எல்லாம் போன வாரத்துது. பழச எப்படிப் பச்சப் புள்ளைக்குக் குடுக்கிறது?" ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரைத் துடைச்சுக்கிட்டே சொல்றாங்க. "சாக்கடையில ஊத்தல. கால் படுற எடத்துல ஊத்தினா உனக்குப் பால் வத்திடும். கறிவேப்பிலைத் தொட்டியில ஊத்தினேன். கவர் நல்லாருந்துச்சு, கழுவிப் போட்டேன்."

அடிப்பாவின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. "கெட்டுப் போகாதுன்னு எத்தனை தடவ சொன்னேன்! நாளைக்கு அவன் பசியில கத்தினா உங்க கறிவேப்பிலையைக் குடுப்பீங்களா?"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திட்டேன். அவங்க கையில இருந்த துணி அப்படியே நின்னுடுச்சு.

மறுநாள் வேற வழியில்லாமப் பவுடர் பாலைக் கலக்கி வெச்சுட்டுக் கெளம்பினேன். மதியம் போன். அத்தைதான். "கீழ எறங்கி வா."

புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு படியில விழுந்தடிச்சு ஓடினேன். கடை ஓரமா ஒரு ஆட்டோ. டிரைவர், "இன்னாம்மா, கொயந்த அழுதுகினே கீது, சீக்கிரம் ஏறு"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாரு. ரெண்டு பக்கமும் பழைய புடவையைக் கட்டி மறைச்சு, உள்ள அத்தை. தெருமுனைக் காய்கறிக் கடையைத் தாண்டித் தனியாப் போனதே இல்லாதவங்க, அந்தப் பண்டிகைக் கூட்டத்துல, மடியில புள்ளையோட.

"நீ வெச்சிட்டுப் போனதை எல்லாம் கக்கிட்டான்"ன்னு அவனை என் கையில குடுத்தாங்க. அவன் வெறி பிடிச்ச மாதிரி குடிக்க ஆரம்பிச்சான். அத்தை என் முகத்தைப் பாக்கல.

"நாந்தான ஊத்தினேன். உன் ஃப்ரீசர் திரும்ப நெறையிற வரைக்கும் நாந்தான் தூக்கிட்டு வரணும். சாயங்காலமும் வருவேன்."