இரண்டு பட்டன் ஆட்டம்

என் தம்பியைச் சோம்பேறி என்றுதான் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் எப்போதும் பின்தங்கிவிடுவான். தரையில் உட்கார்ந்தால் லேசில் எழமாட்டான். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல எழுந்திருப்பான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

தோட்டம் கைமாறி, பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட ஆரம்பித்தபோது நாங்கள் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு பலகை வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் காக்கும் ஜாகா வேலை. அம்மா வீடுகளைக் கழுவித் துடைக்கப் போனாள். நான் ஈப்போவில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். அந்த வருடத்திலேயே தம்பி நடப்பது நின்றுபோனது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மலாயில் பேசினார். அம்மாவுக்கு வேகமான மலாய் பிடிபடாது என்பதால் என்னைப் பார்த்தே சொன்னார். தசை கரைகிற நோய். மருந்து கிடையாது. முதலில் கால், அப்புறம் கை, கடைசியில் மூச்சு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கைக்கு வந்ததும் அம்மா என்னை நிறுத்தினாள்.

"இப்ப கை நல்லாத்தானே இருக்கு. கை இருந்தா போதும். உக்காந்துக்கிட்டே செய்யற வேல எத்தனையோ இருக்கு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை அதிகம். அப்பா பகலில் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவார். ஆகவே தம்பியை நான் முதுகில் சுமந்து பஸ் ஏற்றி ஈப்போவுக்குக் கொண்டுபோவேன். யாரோ கொடுத்த பழைய சக்கர நாற்காலி ஒன்றைத் துணிக்கடையின் பின்கட்டில் போட்டு வைத்திருந்தேன். ஆனால் வாடிக்கையாளர் வரும் நேரத்தில் அவன் கடைக்குள் இருப்பது முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

அதே சந்தில் ஒரு சீனர் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். விற்காதவற்றை வரிசையாக வைத்து வீடியோ கேம் இணைத்து, பையன்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார். கடை முதலாளி என்பதால் எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்த தமிழ் 'தம்பி', 'தங்கச்சி' இரண்டும்தான். தம்பியை அங்கே விடலாமா என்று கேட்டதற்கு, மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் கையால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

அங்கேதான் தம்பி அந்த அணிலைக் கண்டான். ஓடிக் குதித்துப் போகிற ஆட்டம். பெரிய வாலுள்ள ஒரு அணில், பள்ளங்களைத் தாண்டி, முள்ளை ஏய்த்து, மரக்கிளைகளில் தாவிப் போகும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் தம்பி அந்தச் சந்திலேயே அதை வேகமாக ஓட்டுகிறவன் ஆனான். மற்றப் பையன்கள் பனிமலைக் கட்டத்தில் மாட்டிக்கொண்டால் அவனிடம் வந்து நிற்பார்கள். "தள்ளுங்கடா, நான் தாண்டி விடுறேன்" என்பான். வேலை முடிந்து நான் வரும்போது நாற்காலியைச் சுற்றி நாலு பேராவது நிற்பார்கள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அந்த அணிலைப் பற்றியே பேசிக்கொண்டு வருவான். அவன் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு நாள், "அக்கா, பட்டன் கெட்டுப் போச்சு" என்றான்.

தவுக்கே கையில் பிடித்து ஆடும் அந்தச் சின்னப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமும் அதையே சொன்னான். இன்னொன்று கொடுத்தார். அணில் முதல் பள்ளத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. ஒரு கட்டைவிரல் திசையை அழுத்த வேண்டும், மற்றது அதே நொடியில் குதிக்க வைக்க வேண்டும். தவுக்கே தானே வாங்கி ஒரு தடவை ஆடிப் பார்த்தார். அணில் தாண்டிவிட்டது. தம்பி அதைப் பார்த்தான். பட்டன் கெட்டுப்போனது என்று அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. மறுவாரம் வரமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சில மாதங்கள் அப்படியே போயின. அம்மா அவனுக்கு ஊட்டிவிடத் தொடங்கினாள். ஒரு மத்தியானம் சாப்பாடு வாங்கப் போன என்னைத் தவுக்கே கூப்பிட்டார்.

"தங்கச்சி, தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. புது கேசட் வந்திருக்கிறது" என்று மலாயில் சொன்னார். "அதே அணில். ஆனால் ஓட வேண்டாம்."

வற்புறுத்தித்தான் தூக்கிக்கொண்டு போனேன். அது பின்பால் ஆட்டம். அணில் சுருண்டு பந்தாகி மேலே போய், முட்டி மோதிக் கீழே வரும். அடியில் இடப்பக்கம் ஒரு துடுப்பு, வலப்பக்கம் ஒரு துடுப்பு. வருகிற பந்தைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். தட்டத் தவறினால் நடுவில் இருக்கும் குழிக்குள் போய்விடும். இரண்டே பட்டன். தவுக்கே அந்தச் சின்னப் பெட்டியை ஒரு பலகையில் டேப் போட்டு ஒட்டி அவன் மடியில் வைத்தார்.

"நடக்க வேணாமா இதுல?" என்று தம்பி என்னைக் கேட்டான்.

"வேணாம்லா. தட்டினா போதுமாம்."

மற்றப் பையன்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே இடத்தில் சுற்றுகிற ஆட்டம் என்று விட்டுவிட்டார்கள். தம்பி மட்டும் ஆடினான். திரும்பவும் பஸ்ஸில் பேச ஆரம்பித்தான். எந்த மூலையில் பட்டால் பந்து எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

ஒரு சனிக்கிழமை அம்மா வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே வந்தாள். ஈரப் புடவையோடு அவன் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எப்பய்யா முடியும்?"

"முடியாதும்மா. பந்து கீழ போற வரைக்கும்தான்."

"ஜெயிக்கவே முடியாதா?"

"ஜெயிக்கிறதுன்னு ஒண்ணும் இல்லம்மா இதுல."

"அப்ப எதுக்கு ஆடுற?"

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மாதாம்மா. இன்னும் கொஞ்ச நேரம் இருங்க, போலாம்."

அம்மா பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஆட்டத்தை விட்டுவிட்டு அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் வலது கை போனது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வலது பட்டனை அழுத்தினேன், இடது அவனுடையது. "இப்ப அடிக்கா" என்பான். நான் எப்போதும் ஒரு கணம் பிந்திவிடுவேன்.

"என்னக்கா நீ, துணிய மடிக்கிற மாதிரி ஆடுற."

அப்படித் திட்டிக்கொண்டே ஆடினோம். சிரித்ததும் உண்டு. பிறகு இடது விரலும் பட்டனை அமுக்க முடியாமல் அதன்மேல் சும்மா கிடந்தது. அன்று இரண்டு பட்டனையும் நானே அழுத்தினேன். அவன் வாயால் சொன்னான். இடது, வலது, இடது. அந்தச் சொல் அவன் வாயைவிட்டு வருவதற்குள் பந்து போய்விட்டது. குரலும் அப்போது மெலிந்திருந்தது. திரும்பத் திரும்ப ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் அணில் நேராகக் குழிக்குள் இறங்கியது.

"வீட்டுக்குப் போலாம்க்கா" என்றான்.

தவுக்கே பலகையை அவன் மடியிலிருந்து எடுத்தார். அந்த டேப்பைப் பிரிக்காமல் அப்படியே அலமாரி மேல் வைத்தார். அடுத்த வாரம் வா என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தம்பி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அம்மா அவனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படுக்க வைப்பாள். கையைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்ப அவனுக்குப் பலமில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில், அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றுவிட்டது. அவனைக் கடைசியாகக் குளிப்பாட்டத் தூக்கியவர் அப்பா. "கனமே இல்ல" என்றார். அதையே வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. நல்ல மனிதர்கள். இந்த நோய் தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது, உனக்குப் பிறக்கும் பையனுக்கும் வரலாம் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தேநீர் ஆறுவதற்குள் அம்மா தானாகவே அதை அவர்களிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் மரியாதையாகக் குடித்துவிட்டு எழுந்தார்கள். வாசல்வரை போய் வழியனுப்பினோம்.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்கம்மா" என்றேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்கலாம்.

"சரி" என்றாள். துணியை எடுத்துக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள்.