அலமேலுவின் ஆறு நொடி

சொந்தமாகப் படம் எடுப்பவனுக்கு முதலில் வேண்டியது கதை அல்ல, சத்தமான குரல். எனக்கு அது இருந்தது. அரசியல் பேசும் தயாரிப்பாளர் என்று என்னைப் பற்றி எழுதுவார்கள். ஊருக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாகப் பேசி, எந்த வேலையிலாவது மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், இது நமக்குள் இருக்கட்டும்.

சாமைக் களம்

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் படப்பிடிப்பு. சாமை புடைத்துக்கொண்டிருந்த அலமேலு என்ற பெண்ணை நிலத்தைப் பற்றிப் பேசச் சொன்னோம். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஓட்டு கேக்க வர்றப்ப இத்த ஊருன்றாங்க. பட்டா கேட்டா காடுன்றாங்க." எழுதிக்கொண்டு போயிருந்த வசனத்தை இயக்குநர் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

முன்பு டிவிக்காரர்கள் வந்து ஒரு மணி நேரம் பேசவைத்து, கடைசியில் அவர் புடைப்பதை மட்டும் காட்டினார்களாம். "நீங்களும் அப்பிடித்தானுங்களா?" என்றார். ஒரு வார்த்தையும் வெட்ட விடமாட்டேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இன்னொரு வாட்டி சத்தமா சொல்லட்டுங்களா?"

எடிட்டிங் அறை

தணிக்கைக்கு அனுப்புவதற்கு முந்தைய வாரம். அடுத்த படத்துக்கும் மலையில்தான் வேலை. அதற்கு வனத்துறையிடம் அனுமதி கேட்டு மனு போட்டிருந்தேன். யாரும் மிரட்டவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. நானாகவே எடிட்டரிடம் அலமேலு பட்டா பற்றிப் பேசும் அந்த ஆறு நொடிக்கு ஒலியை எடுத்துவிடச் சொன்னேன்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா சார்?" என்று கேட்டார். சொல்வதற்கு முன்னால் நாமே செய்துவிடுவது நல்லது என்றேன். அப்படியானால் காட்சியையே தூக்கிவிடலாமே என்றார். அந்தம்மா தன் முகத்தைத் தேடுவார், அது இருக்கட்டும் என்றேன். இதைப் பெருந்தன்மை என்றே அப்போது நினைத்தேன். எடிட்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "பாக்கறவங்க சென்சார்ல போச்சுன்னுதான் நெனப்பாங்க. உங்களுக்கு நல்லதுதான் சார்."

கல்யாண மண்டபம்

படம் வெளிவந்த பிறகு கள்ளக்குறிச்சியில் கருத்துச் சுதந்திரம் பற்றிக் கூட்டம். என்னை அறிமுகம் செய்தவர், ஒரு மலைவாழ் பெண்ணின் குரலையே அறுத்துவிட்டார்கள் என்றார். அறுத்தது யார் என்று மைக்கைப் பிடித்ததும் சொல்லியிருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நண்பர்களே, இது ஒரு படத்தின் பிரச்சினை மட்டுமல்ல" என்று ஆரம்பித்தேன். பதினேழு முறை கை தட்டினார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழே இறங்கியதும் மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெட்டு ஆட்களை வயலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது. "எவன் வெட்னானோ அவன மட்டும் சும்மா வுடாதீங்க சார்."

ஒயர்

அலமேலுவின் ஊர்க்காரர்களுக்குப் படத்தைக் காட்டியாக வேண்டும். வெள்ளிமலையில் ஒரு கூடத்தில் ஜன்னல்களுக்குக் கோணி கட்டி, வேட்டியைத் திரையாக்கி, பகலிலேயே போட்டோம். கள்ளக்குறிச்சியிலிருந்து ஜீப்பில் ஏற்றிவந்த புரொஜெக்டர். அலமேலு முதல் வரிசையில் புதுச்சேலையில் இருந்தார்.

அந்த இடம் வந்தது. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தினார்கள். "யோவ், மிசினு ஊமையாப் பூட்ச்சா?" என்றது ஒரு குரல், சிரிப்பு. ஆபரேட்டர் திரும்பப் போட்டார். மறுபடியும் அதே. மூன்றாவது முறை நான் எழுந்து போய், ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தி, ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், முறுக்கினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. ஆபரேட்டர் குனிந்து என் காதருகில் சொன்னார்: "ஒயர்ல ஒண்ணும் இல்லீங்க சார். எழுந்து வாங்க."

ஜீப்படி

படம் முடிந்து ஜீப்பில் சாமான் ஏற்றும்போது அலமேலு வந்தார். "யாருங்க வெட்னது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "சென்னையில" என்று வந்தது. எடிட்டிங் அறை சென்னையில்தான் இருக்கிறது, ஆகவே அது பொய்யில்லை என்று மலை இறங்கும்வரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதைப் பார்த்து எதை நினைத்தாரோ, என் முழங்கையில் லேசாகத் தட்டினார்.

"வுடுங்க. அம்மாம் பெரிய ஆளுங்ககிட்ட நீங்க ஒண்டியா இன்னா பண்ணுவீங்க, பாவம்."

கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேச இப்போதும் கூப்பிடுகிறார்கள், நானும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்விட்டுத்தான் வருகிறேன்.