நாலாவது இடம்

1937 வேலைநிறுத்தத்தில் நாகலிங்கத்தைக் காட்டிக்கொடுத்துச் சிறைக்கு அனுப்பியவன், கரும்புத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்த்த சர்தார் வீராபென். அன்றிலிருந்து நாகலிங்கத்தின் மனைவி பூங்காவனத்துக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து கேட்டுப் போனவளுக்கு, இலங்கையிலிருந்து வந்திருந்த பௌத்தக் கம்பவுண்டர் தியானம் சொல்லிக்கொடுத்தார். விடியலில் கண்மூடி உட்கார்ந்து முதலில் தன்னையும், பிறகு பிரியமானவரையும், வழியில் பார்த்த யாரோ ஒருவரையும், நாலாவதாகப் பகையாளியையும் ‘நலமாக இருக்கட்டும்’ என்று வாழ்த்த வேண்டும்.

புருஷன் பெயரைச் சொல்வது அவளுக்கு வழக்கமில்லை. இரண்டாவது இடத்தில் ‘அவர்’ என்று முணுமுணுத்துத் தாண்டிவிடுவாள். வீராபென் பெயரைத்தான் வாய்விட்டுச் சொன்னாள். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ட்ரியோலே ஊர் முழுக்கச் சிரித்தது. புருஷன் சிறையிலிருந்து திரும்பிய பிறகும் அவள் விடவில்லை; இருபது வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் கனிந்துவிட்டது.

1960 புயலுக்குப் பிறகு வீராபென் இறந்தான். மறுநாள் விடியலில் நாலாவது இடம் வந்ததும் பூங்காவனம் தயங்கினாள். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்னாள்:

“நாகலிங்கம் நலமாக இருக்கட்டும்.”

அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாகலிங்கம் பதறிப்போனார்.

“பகையாளி இடத்துல என்னை வெச்சிட்டியே! நான் என்ன தப்பு செஞ்சேன்?”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“மனசாரச் சொல்லிப் பழகினது அந்த இடத்துலதாங்க.”